புது வீட்டுக்கு ஜன்னல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுகிறவர்கள் தரைக்குப் போடும் கல்லைத் தேடி நாலு கடை ஏறி இறங்குவார்கள். ஜன்னலுக்கு அதில் கால்வாசி நேரம்கூடக் கொடுப்பதில்லை. தரை பிடிக்காமல் போனால் மேலே ஏதாவது விரித்துச் சமாளிக்கலாம். ஜன்னல் தப்பாகிவிட்டால் சுவரை உடைக்க வேண்டும். கட்டுமான வேலையோடு பல வருடம் புழங்கியவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கண்ணாடியையும் ஃபிரேமையும் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் சுவரில் விடுகிற இடத்தைப் பற்றிப் பேசுவேன், ஏனென்றால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது.

ஜன்னலைப் பற்றி எப்போது யோசிக்க ஆரம்பிக்க வேண்டும்?

வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே. அது தவறிவிட்டால் லிண்டல் போடுவதற்கு முன்பாவது. ஜன்னலுக்கு மேலே வரும் சுவரின் பாரத்தைத் தாங்குவது லிண்டல். அது போட்டாகிவிட்டால் ஜன்னலின் மேல்மட்டம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். கீழ்மட்டத்தை அதற்குப் பிறகும் ஓரளவு ஏற்றி இறக்கலாம், மேல்மட்டத்தை முடியாது.

நான் எல்லோரிடமும் சொல்கிற ஒரு வழி இருக்கிறது. சுவர் இடுப்பளவு எழும்பியதும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு அறையிலும் உட்கார்ந்து பாருங்கள். தரை மட்டம் இன்னும் ஏற வேண்டியிருந்தால் அந்த அளவுக்கு நாற்காலியின் கீழே கல்லை வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஜன்னலின் அடி அதற்கு மேல் போனால், உட்கார்ந்த இடத்திலிருந்து வானம் மட்டும்தான் தெரியும். மரமும் தெருவும் தெரியாது. படுக்கையறையில் கட்டில் வரப்போகும் இடத்தில் இன்னும் தாழ்வாக உட்கார்ந்து பாருங்கள். எதிர்வீட்டு ஜன்னல் நேராகக் கண்ணில் படுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் இரண்டு வரிசைக் கல்லைக் கூட்டுவதோ குறைப்பதோ கொத்தனாருக்கு அரை மணி நேர வேலை.

அறையின் அளவில் எத்தனை பங்கு ஜன்னல் இருக்க வேண்டும்?

பல நாட்டுக் கட்டட விதிகள், தரைப் பரப்பில் 8 முதல் 10 சதவீதம் கண்ணாடியாகவும் அதில் பாதியாவது திறக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. புழுக்கம் மிகுந்த இடங்களில் திறப்பு இன்னும் அதிகம் வேண்டும். உங்கள் ஊர் விதி என்ன என்று இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இது குறைந்தபட்ச அளவுதான்.

பரப்பைவிட உயரம் முக்கியம். வெளிச்சம் அறைக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பது ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த உயரத்தைப்போல 2 முதல் 2.5 மடங்கு தூரம் வரை நல்ல வெளிச்சம் வரும். மேல்விளிம்பு 2.1 மீட்டரில் இருந்தால் நாலைந்து மீட்டர் உள்ளே வரை பகலில் விளக்கு போடாமல் படிக்கலாம். அதே பரப்பை அகலமாக்கி, தாழ்வாக வைத்தால் ஜன்னலோரம் மட்டும் கண் கூசும். அறையின் கடைசி மூலை இருட்டாகவே இருக்கும்.

காற்றுக்குக் கணக்கு வேறு. ஒரே சுவரில் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும், அறையின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம்வரைதான் காற்று நன்றாக மாறும். எதிர்ச்சுவரிலோ பக்கச்சுவரிலோ இன்னொரு சிறிய திறப்பு இருந்தால் அது ஐந்து மடங்கு தூரம்வரை போகும். காற்று வெளியேற வழி இல்லாத இடத்துக்குள் நுழையாது. எதிரே ஜன்னல் வைக்க இடமே இல்லை என்றால், கதவுக்கு மேலே ஒரு சிறிய காற்றுத் திறப்பு விடுங்கள். பழைய வீடுகளில் அதைப் பார்த்திருப்பீர்கள். சூடான காற்று மேலே போவதால் அந்த இடம் நன்றாகவே வேலை செய்யும்.

மேற்குப் பக்கம் ஜன்னலே வைக்கக் கூடாது என்கிறார்கள், சரியா?

வைக்கலாம், யோசித்து வைக்க வேண்டும். வெயில் அதிகமுள்ள இடத்தில் ஜன்னலுக்குப் பெரிய எதிரி மேற்கு வெயில். காரணம் எளிது: நடுப்பகலில் சூரியன் உயரத்தில் இருப்பதால் ஒரு சன்ஷேட் போட்டாலே நிழல் விழுந்துவிடும். மாலையில் சூரியன் தாழ்வாக நேருக்கு நேர் வருகிறது. சன்ஷேட்டை எவ்வளவு நீட்டினாலும் அதற்கு அடியில் நுழைந்து வரும். கிழக்கிலும் இதே கதைதான், ஆனால் காலையில் காற்று குளிர்ந்திருக்கும். மாலையில் வீடே ஏற்கெனவே சூடேறியிருக்கும்.

அளவு புரிய ஒரு கணக்கு. தெளிந்த மாலையில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்கு மேல் வெயில் விழலாம். 1.5 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் உள்ள ஜன்னலின் பரப்பு 1.8 சதுர மீட்டர். சாதாரணக் கண்ணாடி அந்த வெப்பத்தில் ஐந்தில் நாலு பங்கை உள்ளே விட்டுவிடும். ஆக 850 வாட்டுக்கு மேல் உள்ளே வருகிறது. ஒரு ஹீட்டரை ஓடவிட்டுக்கொண்டு அதே அறையில் குளிர்சாதனத்தையும் போடுகிற மாதிரிதான்.

இதற்கு மருந்து வெளியே இருக்க வேண்டும். நிறையப் பேர் உள்ளே கனமான திரை போட்டுவிட்டு வெப்பம் குறையவில்லையே என்பார்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து திரையைச் சூடாக்குகிறது; சூடான திரை வெளியிடும் வெப்பம் கண்ணாடி வழியே நேராகத் திரும்பிப் போகாது. அதனால் வெயிலைக் கண்ணாடியில் படாமலே தடுக்க வேண்டும். பக்கவாட்டில் நிற்கும் தடுப்புப் பலகைகள், வெளியே தொங்கும் தட்டி, இலை அடர்ந்த மரம், எதுவானாலும் சரி. மேற்கே அழகான காட்சி இருக்கிறது, பெரிய ஜன்னல்தான் வேண்டும் என்றால், கண்ணாடிக்கு முன்னால் இந்த நிழலுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

குளிர் நாடுகளில் இது அப்படியே தலைகீழ். அங்கே குளிர்காலச் சூரியன் விரும்பி வரவேற்கும் விருந்தாளி. பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருப்பவர்கள் தெற்கிலும், வெகு தெற்கே இருப்பவர்கள் வடக்கிலும் பெரிய ஜன்னல்களை வைப்பது அதனால்தான்.

ஸ்லைடிங் நல்லதா, கதவு போலத் திறப்பது நல்லதா?

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: இடம் அனுமதித்தால் கதவு போலத் திறப்பது.

இரண்டு தடம் உள்ள ஸ்லைடிங்கில் எப்படி நகர்த்தினாலும் பாதி மூடியே இருக்கும். ஜன்னலுக்குக் கொடுத்த பணத்தில் பாதிதான் காற்றுக்குப் பயன்படுகிறது. மூன்று தடத்தில் மூன்று கதவு போட்டால் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். கீல் வைத்த கதவோ கிட்டத்தட்ட முழுவதும் திறக்கும். அதோடு, மூடும்போது அது ரப்பர் பட்டையின்மேல் அழுந்தி உட்காருகிறது. ஸ்லைடிங் கதவு நகர வேண்டும் என்பதால் அங்கே பெரும்பாலும் ரப்பருக்குப் பதில் மயிர்ப்பட்டைதான் இருக்கும். தூசி, சத்தம், சாரல் மூன்றும் அந்த வழியாக வருகின்றன.

ஸ்லைடிங்குக்கு உரிய இடம் இல்லாமல் இல்லை. நடைபாதையை ஒட்டிய சுவர், குறுகலான பால்கனி, மேஜைக்குப் பின்னால் எட்டித் திறக்க வேண்டிய இடம் ஆகியவற்றில் திறந்த கதவு யார் தலையிலாவது இடிக்கும். அங்கே ஸ்லைடிங் போடுங்கள். காற்று வேகமாக அடிக்கும் மாடியில் வெளியே திறக்கும் கதவு போட்டால், எந்தக் கோணத்திலும் அப்படியே நிற்க வைக்கும் உராய்வுப் பட்டை கட்டாயம். வெறும் கீலும் கொக்கியும் வைத்த கதவு ஒரு சுழற்காற்றில் சுவரில் அறைந்து கண்ணாடி நொறுங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

குளியலறைக்கு மேல்பக்கம் கீல் வைத்து, அடிப்பக்கம் வெளியே தள்ளித் திறப்பது நல்லது. லேசான மழையிலும் திறந்து வைக்கலாம்.

மரமா, அலுமினியமா, யூபிவிசியா?

மூன்றிலும் நல்லது உண்டு, மட்டமானதும் உண்டு. மட்டமான தேக்கைவிட நல்ல யூபிவிசி மேல். மட்டமான யூபிவிசியைவிட நல்ல அலுமினியம் மேல்.

மரம் வெப்பத்தை அதிகம் கடத்தாது, தொட்டால் இதமாக இருக்கும், பழுதானால் தச்சர் சரிசெய்துவிடுவார். அதற்கு ஈரம்தான் பிரச்சினை. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். நன்றாக உலர்த்திய மரமா என்று ஈரமானியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குச் சரி. அப்புறம் ஒரு சின்ன விஷயம். கதவை மாட்டிய பிறகு அதன் அடிவிளிம்புக்குக் கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டிப் பாருங்கள். பத்தில் எட்டு கதவுகளில் அந்த விளிம்பில் பெயின்ட் இருக்காது, கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று விட்டிருப்பார்கள். தண்ணீர் வழிந்து கடைசியில் நிற்பது அந்த விளிம்பில்தான். மரம் உளுக்க ஆரம்பிப்பதும் அங்கேதான். மாட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் பூசச் சொல்லிவிடுங்கள்.

அலுமினியம் மெலிதாக இருந்தாலும் பலமானது. பெரிய கண்ணாடிக்கும் குறுகிய சட்டத்துக்கும் அதை மிஞ்ச முடியாது. ஆனால் யூபிவிசியைவிடப் பல நூறு மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். வெயிலோ குளிரோ கடுமையான இடத்தில், சட்டத்தின் நடுவே பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் பட்டை வைத்து உள்பாதியையும் வெளிப்பாதியையும் பிரித்த வகையைக் கேளுங்கள். கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் மேற்பூச்சில் சிக்கனம் வேண்டாம். உப்புக்காற்று மூலை இணைப்புகளிலும் திருகுகளிலும்தான் முதலில் கைவைக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளே வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

யூபிவிசி என்பது மென்மையாக்கும் ரசாயனம் சேர்க்காத பிவிசி. பெயின்ட் வேண்டாம், கரையான் அரிக்காது, மூலைகளை உருக்கி ஒட்டுவதால் தண்ணீர் இறங்காது. அதன் குறை, சூட்டில் நன்றாக விரிவது. 2 மீட்டர் நீளச் சட்டம் 40 டிகிரி வித்தியாசத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீள அலுமினியம் 2 மில்லிமீட்டரைத் தாண்டாது. கண்ணாடியோ 1 மில்லிமீட்டர்கூட நீளாது. அதனால் சுற்றிலும் இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். உள்ளே துத்தநாகம் பூசிய எஃகுக் குழாயும் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு காந்தத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் சுவரைத் தாண்டி இழுக்கிற அளவுக்கு வலுவான சிறு காந்தமாக இருக்கட்டும். சட்டம் முழுக்க இழுக்க வேண்டும், கீல் பக்கம் மட்டும் இல்லை.

இரட்டைக் கண்ணாடி தேவையா?

இரண்டு கண்ணாடியை நடுவே இடைவெளி விட்டு, ஓரத்தை அடைத்துச் செய்வது இரட்டைக் கண்ணாடி. உங்கள் வீட்டில் வருடத்தில் பல மாதம் ஹீட்டரோ குளிர்சாதனமோ ஓடுமா? ஓடும் என்றால் ஆம். எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துக் காற்றில் வாழ்கிற வீடு என்றால் அந்தப் பணத்தை நிழலுக்கும் நல்ல கீலுக்கும் செலவிடுங்கள். திறந்த ஜன்னலில் எத்தனை கண்ணாடி இருந்தால் என்ன?

விற்பவர் தரும் தாளில் யூ மதிப்பு என்று ஒன்று இருக்கும். ஒரு டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் கசிகிறது என்பதே அது, குறைந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 5.7. சாதாரண இரட்டைக்குச் சுமார் 2.8. வெப்பக் கதிரைத் திருப்பும் வெள்ளிப்பூச்சும், இடைவெளியில் நிரப்பிய ஆர்கான் வாயுவும் சேர்ந்த இரட்டைக்கு 1.1 அளவில். இவை கண்ணாடியின் நடுப்பகுதிக்கான எண்கள். சட்டத்தையும் சேர்த்த முழு ஜன்னலின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அது வேறாக இருக்கும். இடைவெளி 12 முதல் 16 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் அகலமானால் உள்ளே இருக்கும் காற்றே சுழன்று வெப்பத்தைச் சுமந்து போகத் தொடங்கும்.

வெள்ளிப்பூச்சுக் கண்ணாடி என்று விற்றார்கள். உண்மையிலேயே பூச்சு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. லோ-ஈ என்றும் சொல்வார்கள். வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. இருட்டிய பிறகு அறைக்குள் நின்று, ஒரு தீக்குச்சியையோ லைட்டரையோ கண்ணாடிக்கு அருகில் கொளுத்திச் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடிக்கு நாலு முகம். நாலு சுடர் வரிசையாகத் தெரியும். பூச்சு உள்ள முகத்தின் சுடர் மட்டும் நிறம் மாறியிருக்கும். நாலும் ஒரே நிறம் என்றால் பூச்சு இல்லை.

எந்தச் சுடர் மாறியிருக்கிறது என்பதையும் எண்ணுங்கள். உள்ளே நிற்கும் உங்களுக்கு அருகில் இருப்பதிலிருந்து எண்ணினால், வெயில் தடுக்க வாங்கியதில் மூன்றாவது சுடர் மாறியிருக்க வேண்டும், அதாவது வெளிக்கண்ணாடியின் உட்புறம். குளிர் நாட்டில் வீட்டு வெப்பத்தைக் காக்கும் கண்ணாடியில் வழக்கமாக இரண்டாவது. கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டால் வெயில் தடுப்பு குறைந்துபோகும். பொருத்திய நாளிலேயே பார்த்துவிட்டால் மாற்றச் சொல்லலாம்.

வெயில் இடத்துக்கு யூ மதிப்பைவிட எஸ்.எச்.ஜி.சி. என்ற எண் முக்கியம். சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதை அது சொல்லும். சாதாரணக் கண்ணாடிக்கு 0.8க்கு மேல், வெயில் தடுக்கும் பூச்சு உள்ளதற்கு 0.3 அளவில் கிடைக்கும். வெறும் கறுப்பு, பச்சைச் சாயக் கண்ணாடி வெப்பத்தைத் தானே உறிஞ்சிச் சூடாகிறது, அதில் ஒரு பகுதியை உள்ளேயும் விடுகிறது. வெளிச்சமும் போய்விடும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

தெருச் சத்தம் தாங்கவில்லை. இரட்டைக் கண்ணாடி போட்டால் அடங்குமா?

ஒரே தடிமனில் இரண்டு கண்ணாடி போட்டால் ஏமாந்துபோவீர்கள். 4 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி 30 டெசிபலை ஒட்டித் தடுக்கும். 4 மில்லிமீட்டர் கண்ணாடி, 12 இடைவெளி, மீண்டும் 4 கண்ணாடி என்று அமைந்த இரட்டையும் அதைவிட ஓரிரு டெசிபல்தான் கூடுதல். இரண்டு கண்ணாடியும் ஒரே சுருதியில் அதிர்வதுதான் காரணம். ஒன்று 6, இன்னொன்று 4 என்று வேறு வேறு தடிமன் வையுங்கள்; ஒன்றாவது லாமினேட்டடாக, அதாவது நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதாக இருக்கட்டும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும்.

அதற்கும் முன்னால் இடுக்கைப் பாருங்கள். ஜன்னல் பரப்பில் 1 சதவீதம் ஓட்டை இருந்தால், எவ்வளவு தடித்த கண்ணாடியானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஒரு தாளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. நாலு பக்கமும் இப்படிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.

டஃபன்ட், லாமினேட்டட்: எதை எங்கே?

டஃபன்ட் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். உடைந்தால் சிறு சிறு துண்டாக உதிரும். செய்த பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, அதனால் அளவு முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். மூலையில் சிறிய முத்திரை இருக்கும், தேடிப் பாருங்கள்.

லாமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம். விரிசல் விட்டாலும் துண்டுகள் ஒட்டியே நிற்கும். புற ஊதாக் கதிரில் 99 சதவீதத்தைத் தடுப்பதால் சோபாவும் புத்தகமும் வெளுப்பது குறையும். தரையை ஒட்டிய கண்ணாடி, கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடி, குளியலறை ஆகிய இடங்களில் இரண்டில் ஒன்று கட்டாயம். தலைக்கு மேலே வரும் கண்ணாடிக்கும், மாடியில் தாழ்வான ஜன்னலுக்கும் லாமினேட்டட்தான்.

புது ஜன்னல்தான், ஆனாலும் மழை பெய்தால் சுவர் நனைகிறது. ஏன்?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் எல்லோருமே கண்ணாடியைச் சந்தேகிப்பார்கள். தண்ணீர் கண்ணாடி வழியே வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே வருகிறது, இல்லையென்றால் அடித்தடம் நிரம்பி வழிகிறது.

அடித்தடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். காற்று ஜன்னலைத் தள்ளும்போது அந்த அழுத்தம் தடத்தில் தேங்கிய தண்ணீரை உள்பக்கம் ஏற்றுகிறது. மணிக்கு 47 கிலோமீட்டர் வேகக் காற்று தண்ணீரை 1 சென்டிமீட்டர் உயர்த்தும். 72 கிலோமீட்டர் என்றால் 2.5 சென்டிமீட்டர். தடத்தின் உள்தடுப்பு அதைவிடத் தாழ்வாக இருந்தால் ரப்பரும் சிலிக்கானும் ஒன்றும் செய்ய முடியாது. புயலடிக்கும் இடத்தில் ஸ்லைடிங் வாங்குகிறவர்கள் ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தடுப்பை அளந்து பார்க்க வேண்டும். தடத்தில் வெளிப்பக்கம் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கும். அவற்றைச் சிமென்ட் அடைத்திருக்கிறதா, பெயின்ட் அடிப்பவர் மூடிவிட்டாரா என்று பாருங்கள். ஒரு வீட்டில் ஆறு ஜன்னலிலும் ஒழுகல். துளை இருக்க வேண்டிய இடம் முழுக்க அழகாகச் சிலிக்கான் பூசியிருந்தார்கள், தண்ணீர் உள்ளே வராமல் இருக்க என்று. கத்தியால் கீறி எடுத்ததும் தேங்கியிருந்த தண்ணீர் குபுகுபுவென்று வெளியே வடிந்தது.

அடுத்தது ஜன்னலடிச் சுவர். மேற்பரப்பு வெளியே பார்த்து வாட்டமாக இருக்க வேண்டும். கல் பதித்தால் சுவரைவிட 3, 4 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, நீட்டிய பகுதியின் அடியில் ஒரு சிறு காடி வெட்டச் சொல்லுங்கள். காடி இல்லாவிட்டால் தண்ணீர் கல்லின் அடியைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கி ஓடிச் சுவரில் இறங்கும். காடி இருந்தால் அங்கேயே சொட்டிவிடும். சன்ஷேட்டுக்கும் இதே காடி வேண்டும். விரலை அடியில் விட்டுத் தடவினால் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கிரில், கொசு வலை, ஜன்னல் கதவு மூன்றையும் எப்படிப் பொருத்துவது?

எந்த வரிசையில் வருகிறது, எது எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒரு தாளில் பக்கவாட்டுப் படம் வரையுங்கள். கதவு வெளியே திறந்தால் கிரில் உள்ளே, வலை அதற்கும் உள்ளே. அப்போது கதவைத் திறக்க முதலில் வலையைத் திறந்து, கிரில் கம்பிக்கு நடுவே கையை விட வேண்டும். கை நுழையுமா? கதவு முழுக்கத் திறந்த பிறகு கைப்பிடி எட்டுமா? இதை யோசிக்காமல் விட்ட வீடுகளில் ஜன்னலைத் திறப்பதே பெரும்பாடு என்று வருடக்கணக்கில் மூடியே வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கும்.

வலைக்கு ஒரு உண்மை: அது காற்றைக் கணிசமாகக் குறைக்கும், தூசி படிந்தால் இன்னும். கழற்றிக் கழுவக்கூடிய வலையாகப் பாருங்கள்.

சமையலறைக்கு ஏதாவது தனியாகப் பார்க்க வேண்டுமா?

குழாயைப் பாருங்கள். தொட்டிக்கு மேலே ஜன்னல், உள்ளே திறக்கும் கதவு, நடுவே உயர்ந்து வளைந்த குழாய் என்று இருந்தால் ஜன்னல் திறக்காது. மேடையின் உயரத்தோடு குழாயின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு அடிமட்டத்தை வையுங்கள், அல்லது வெளியே திறக்கும் கதவாகப் போடுங்கள். கைப்பிடி மேடையைத் தாண்டி எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

குழந்தைகள் இருக்கிறார்கள். மாடி ஜன்னலுக்கு என்ன பாதுகாப்பு?

கொசு வலை குழந்தையைத் தாங்காது. சாய்ந்தால் வலையோடு வெளியே போய்விடும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அடிமட்டம் தாழ்வாக இருந்தால் கிரில் போடுங்கள், அல்லது 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காத தடுப்பான் மாட்டுங்கள். ஜன்னலடியில் ஏறி நிற்கக்கூடிய கட்டில், நாற்காலி எதையும் போடாதீர்கள். திரையின் இழுகயிறு தொங்கக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

இதோடு சேர்த்து நெருப்பையும் நினைக்க வேண்டும். எல்லா ஜன்னலையும் கம்பியால் அடைத்துவிட்டால், தீப்பிடித்த இரவில் கதவை விட்டால் வேறு வழி கிடையாது. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலாவது பெரியவர் ஒருவர் வெளியேறும் அளவுக்குத் திறக்க வேண்டும். அதன் கிரில் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். பூட்டு இருந்தால் சாவி அதே அறையில், எல்லோருக்கும் தெரிந்த ஆணியில், குழந்தை கைக்கு எட்டாமல் தொங்கட்டும். லாமினேட்டட் கண்ணாடியை அவசரத்தில் உடைத்துப் போக முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

அளவு எடுக்க வருகிறார்கள். நான் என்ன கவனிக்க வேண்டும்?

சுவரின் சிமென்ட் பூச்சு வேலை முடிந்த பிறகே எடுக்கச் சொல்லுங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், உயரத்தையும் அப்படியே மூன்று இடத்திலும் எடுக்க வேண்டும். கணக்குக்கு மிகச் சிறிய எண்தான். அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் திறப்பு கோணலாக இருக்கிறது. ஒரே ஒரு அளவு எடுத்துக் கிளம்புகிறவரை நிறுத்தி மீண்டும் எடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள். மர நிலை மட்டும் சுவரோடு சேர்ந்தே வைக்கப்படுவதால் அதற்கு இந்த வரிசை பொருந்தாது.

பொருத்தும் நாளில்?

வீட்டிலேயே இருங்கள். ரசமட்டத்தை நிலையின் அடியிலும் பக்கங்களிலும் உள்முகத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திருகுகள் மூலையிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டரில் தொடங்கி, 60 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் வர வேண்டும். சுற்றி அடிக்கும் நுரை இடைவெளியை நிரப்பத்தான், ஜன்னலைத் தாங்க அல்ல. நுரையை மட்டும் நம்பி இரண்டே திருகில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை, சுற்றிலும் செய்யும் ஓரப் பூச்சும் பெயின்டும் முடியும்வரை விட்டு வையுங்கள். ஈரச் சிமென்ட் அலுமினியத்தில் பட்டு உலர்ந்தால் கறை போகாது. ஆனால் மாதக்கணக்கில் வெயிலில் விட்டால் தாளின் பசை காய்ந்து உரிக்க முடியாமல் போகும். பக்கத்தில் கம்பியை அறுத்தால் கண்ணாடியை மூடச் சொல்லுங்கள். பறக்கும் தீப்பொறி கண்ணாடியில் பதிந்து புள்ளி புள்ளியாக நிற்கும். தேய்த்தாலும் வராது.

கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு தோட்டக் குழாயை எடுத்து, அடியிலிருந்து ஆரம்பித்து மெதுவாக மேலே ஏற்றி ஒவ்வொரு ஜன்னலிலும் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். அடியிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது: மேலிருந்து அடித்தால் எந்த உயரத்தில் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

குடிவந்த முதல் குளிர்காலத்தில் கண்ணாடியில் தண்ணீர் கோத்திருக்கிறது. ஜன்னல் பழுதா?

எந்தப் பக்கம் என்று விரலால் துடைத்துப் பாருங்கள். உள்பக்கம் என்றால் பெரும்பாலும் ஜன்னலின் குற்றம் இல்லை. புது வீட்டின் கான்கிரீட்டும் பூச்சும் மாதக்கணக்கில் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில், கண்ணாடி 17 டிகிரிக்குக் கீழே போனாலே துளி கோத்துவிடும். தினமும் சற்று நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், குளிக்கும்போதும் சமைக்கும்போதும் காற்றை வெளியேற்றும் காற்றாடி ஓடட்டும். ஒரு வருடத்தில் நன்றாகக் குறைந்துவிடும்.

வெளிப்பக்கம் என்றால் சந்தோஷப்படலாம். உள்ளிருக்கும் வெப்பம் வெளிக்கண்ணாடிவரை வந்து சேரவில்லை; அதனால்தான் அது குளிர்ந்து பனி பிடிக்கிறது. நல்ல இரட்டைக் கண்ணாடியில் விடியற்காலையில் இதைப் பார்க்கலாம்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே, எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாத மூட்டம் என்றால் ஓரத்து அடைப்பு விட்டுவிட்டது. உள்ளே ஈரம் உறிஞ்ச வைத்திருக்கும் மணிகள் நிறைந்துவிட்டன. அதைச் சரிசெய்ய வழியில்லை, கண்ணாடித் தொகுப்பையே மாற்ற வேண்டும். உத்தரவாதத் தாளில் இந்தப் பழுதுக்கு எத்தனை வருடம் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்து, அந்தத் தாளை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.